மணி என்கிற பெயர்

தமிழ் பேசுகிற வீட்டில் மணி என்ற சொல்லைத் தொடாமல் ஒரே ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், பார்க்கலாம். கண் விழித்ததும் மணி என்ன என்று கேட்டாக வேண்டும். சைக்கிளில் இருப்பது மணி, பள்ளிக்கூடத்தில் அடிப்பது மணி, ஆட்டின் கழுத்தில் ஆடுவது மணி. மாலையில் கோத்தால் மணி, கதிரில் முற்றினால் மணி. முன்கையும் உள்ளங்கையும் சேருகிற இடம் மணிக்கட்டு. பிள்ளையின் கையெழுத்து நன்றாக இருந்தால் மணி மணியாக எழுதுகிறான் என்போம். கொஞ்சத் தோன்றினால் கண்மணி. விலை உயர்ந்த கல்லும் மணிதான், ஆனால் அந்த அர்த்தத்தில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. இதெல்லாம் போதாதென்று தெருவுக்கு நாலு பேருக்கு அதையே பெயராகவும் வைத்துவிடுகிறார்கள். மனிதர்களோடு நிறுத்தவும் இல்லை. சந்து முனையில் நின்று மணி என்று குரல் கொடுத்தால் நாலு ஆட்களும் ஒரு நாயும் திரும்பிப் பார்க்கும்.

அந்தச் சொல் ஒரு வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. அந்த வீட்டில் இப்போது மூன்று பேர்: அப்பா, அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். இல்லாமல் போன நாலாவது ஆளின் பெயர் மணி.

அப்பாவுக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிற வேலை. இது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய ஹாலில் ஒருமுறை போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணில் மருந்து ஊற்றி, கருவிழி விரிகிறவரை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிடுவார்கள். வரிசை வரிசையாக பெஞ்சுகள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் வழிந்த மருந்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து தங்கள் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். நிர்வாகத்தில் யாரோ ஒரு புத்திசாலி சுவரில் எண் காட்டுகிற பெட்டி ஒன்றை மாட்டச் சொன்னார். சிவப்பு சிவப்பாக எண்கள் ஓடின. கண்ணை மூடியிருப்பவனுக்கு எண் காட்டி என்ன பிரயோஜனம் என்று மாட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பெட்டி இன்னும் அங்கேயே தூசி படிந்து தொங்குகிறது. கூப்பிட ஆள் வேண்டும்.

அவருக்கு அங்கே பெயர் மைக். டாக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் மைக்தான். கண்ணைச் சோதிக்கிற இருட்டறை வாசலில் நின்று, உள்ளேயிருந்து வருகிற கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் குரல் கொடுத்தால், ஹாலின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட விழித்துக்கொள்வார். கத்த மாட்டார். கத்தினால் பெயர் உடைந்துவிடும் என்பார். பெயரை நீட்டி, கடைசி எழுத்தில் கொஞ்சம் தூக்கி விடுவார். எந்தப் பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்கு அத்துப்படி. 'அம்' என்று முடிகிற பெயர்கள் மூன்றாவது வரிசையிலேயே செத்துவிடும். 'அன்' என்று முடிவதும் சுமார்தான். 'இ' என்று முடிகிற பெயர் சுவர் வரைக்கும் போய் முட்டித் திரும்பும்.

மகன் பிறந்தபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நீளமான பெயரைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கு வாயில் சுளுக்கு வந்துவிடும். இன்னொன்றுக்கு அர்த்தம் சொல்லவே அரை நாள் ஆகும். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மணி என்று வைக்கச் சொன்னார்.

"ஊரு பூரா மணிதானேங்க, அதுல என்ன புதுசு?" என்றாள் மனைவி.

"புதுசு எதுக்கு? ரெண்டே எழுத்து. கூப்பிட்டா தெருக்கோடி வரைக்கும் போகும். புள்ளைக்குப் பேரு வெக்கிறது எதுக்கு, கூப்பிடத்தானே?"

அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்வார். ஒரு நாள் ரத்தினம் என்பார், ஒரு நாள் தானியம் என்பார். பையன் ஏழாவது படிக்கும்போது பெயரின் பொருளை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். வகுப்பில் அவனைச் சேர்த்து மூன்று மணி. மூன்று பேரும் மூன்று அர்த்தம் எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றும் சரி என்று வந்தது. வீட்டுக்கு வந்து, "எனக்கு நாயோட பேருன்னு எழுதத்தான் ஆசைப்பா, மார்க் போயிடும்னு விட்டுட்டேன்" என்றான். அப்படிப்பட்ட பையன்.

போன வருஷம், கல்லூரி இரண்டாம் வருஷத்தில், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு சாதாரணக் காய்ச்சல் இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மைக் வேலை பார்க்கிற இடம் அல்ல, வேறு இடம். அங்கேயும் ஒரு நீண்ட வராந்தா, அங்கேயும் பெஞ்சுகள், அங்கேயும் கூப்பிட ஒருவன். விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளைஞன் தலையை நீட்டினான்.

"மணியோட ஆளுங்க யாரு?"

வராந்தாவில் இரண்டு குடும்பங்கள் எழுந்தன. சொன்னேனே, தெருவுக்கு நாலு பேர். இன்னொரு மணி யார் வீட்டுப் பிள்ளையோ தெரியாது. இளைஞன் கையிலிருந்த கார்டைப் பார்த்து அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னான். அந்தக் குடும்பம் உட்கார்ந்துவிட்டது. மைக் நின்றார். இவன் நன்றாகக் கூப்பிடுகிறான், கடைசி எழுத்தை விழுங்கவில்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தவர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள், இவர் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "என்ன மனுஷன்யா, கல்லு மாதிரி நிக்கிறாரு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. கண்ணில் மரத்துப்போகிற மருந்தை ஊற்றியதும் நோயாளிகள் இமையை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், தங்கள் கண்தானா என்று. அப்படித்தான் இருந்தது அவருக்கு. சாப்பிட்டார், தூங்கினார், சம்பள நாளில் சம்பளம் வாங்கினார், யாராவது ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். எல்லாம் நடந்தது. எதுவும் உறைக்கவில்லை.

வீட்டில் அந்தச் சொல் தானாக நின்றுபோனது. மனைவி ஒரு துணி கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறவள். காலை ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் முன்பெல்லாம் பத்துத் தடவை மணி கேட்பாள். இப்போது, "என்னங்க, நேரம் என்ன ஆச்சு?" என்பாள். "ஏழரை ஆகப்போகுது" என்பார் அவர். மகளின் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் மணி மணியாக இருக்கிறது என்று வகுப்பின் முன்னால் பாராட்டியிருக்கிறார். பெண் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வழியாகத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மாவும் அப்பாவிடம் சொல்லும்போது, "கையெழுத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம்" என்றுதான் சொன்னாள்.

ஒரு நாள் மைக்கின் தம்பி வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "சரிண்ணே, மணி ஒன்பதாச்சு, கெளம்புறேன்" என்றுவிட்டான். அவ்வளவுதான். அண்ணி தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண் தட்டுகளை அடுக்கினாள். கிளம்புகிறேன் என்று எழுந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கவும் தெரியவில்லை. இருந்த கடைசி வண்டியையும் விட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுத்தான், பாவம்.

வீட்டில் சமாளித்துவிடலாம். ஆஸ்பத்திரியில் என்ன செய்வது? தினம் நாலைந்து மணிகள் வந்தார்கள். பழைய மணி, புது மணி, பெண் மணிகூட. மருந்து ஊற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முதல் மணியின் கார்டு கைக்கு வந்தபோது, மைக் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கார்டை எடுத்தார். அது கூப்பிட வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை.

தொழில் தெரிந்தவர் அல்லவா, வழி கண்டுபிடித்தார். மணிகண்டனைக் கண்டன் ஆக்கினார். மணிமாலாவை மாலா என்றார். சுப்பிரமணியம் என்றொரு அதிகாரியை "சுப்பு" என்று கூப்பிட, அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டே சண்டைக்கு வந்துவிட்டார். "யாருய்யா சுப்பு? எங்கம்மாகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல." ஹாலே சிரித்தது. மைக்கும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வெறும் மணியை எங்கே வெட்டுவது? முன்னால் வெட்டினாலும் ஒன்றுமில்லை, பின்னால் வெட்டினாலும் ஒன்றுமில்லை. அதனால் அந்த ஆட்களுக்கு மருந்து ஊற்றும்போதே எந்த பெஞ்சு, எந்த இடம் என்று பார்த்து வைத்துக்கொள்வார். முறை வந்ததும் நேரே நடந்து போய்த் தோளைத் தொட்டு, "வாங்க" என்று அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். நோயாளிகளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. என்ன மரியாதையான மனுஷன், நேரே வந்து கூட்டிக்கொண்டு போகிறார் என்றார்கள். நாள் ஓடியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

லேசர் டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிய பிறகு, அவர் வருகிற ஒரு நாள் அது. காலையில் ஒரு பெரியவர் தனியாக வந்தார். குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர், விரல் மூட்டுகளெல்லாம் உருண்டு திரண்டிருந்தன. ஆபரேஷன் ஆன கண்ணில் மறுபடி சவ்வு படிந்துவிட்டது, அதை லேசரில் எடுக்க வேண்டும். மருமகன் வாசலில் இறக்கி விட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டான். பெயர் மணி. தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக் பார்த்துக்கொண்டார்.

பெரியவருக்கு மேலே மின்விசிறி. நனைந்த கண்ணுக்குக் காற்று ஆகவில்லை போலிருக்கிறது. யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நாலு பெஞ்சு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் மைக் உள்ளே கார்டு வாங்கப் போயிருந்தார். தூணுக்குப் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு கூரியர்காரர். கண்ணாடி பவர் பார்க்க வந்தவர், நரைத்த தலை, கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

மைக் போய்த் தோளைத் தொட்டார். "வாங்க."

கூரியர்காரர் நல்ல பிள்ளையாக எழுந்து வந்தார். லேசர் அறையில் நர்ஸ் மரப்பு மருந்தை ஊற்றினாள். தாடையை வைக்கச் சொன்னாள், வைத்தார். நெற்றியை ஒட்டச் சொன்னாள், ஒட்டினார். டாக்டர் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

"இவருக்கு ஆபரேஷனே ஆகலையே. உங்க பேரென்ன?"

கூரியர்காரர் ஒரு பெயரைச் சொன்னார். அதில் மணியின் வாசனைகூட இல்லை.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"தோளைத் தொட்டு வாங்கன்னாங்க சார். வந்தேன்."

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் விசை ஒரே ஒரு தடவை அமுங்கியிருந்தால் போதும், நல்ல கண் ஒன்று போயிருக்கும். டாக்டர் சத்தம் போடவில்லை, கையைக் கழுவிக்கொண்டு வந்து பெரிய சிஸ்டரிடம் இரண்டு வாக்கியம் பேசினார். பெரிய சிஸ்டர் என்பது அந்த மாடிக்கே பொறுப்பான நர்ஸ். ஓய்வு பெறுகிற வயது, யாருக்கும் பயப்படாதவர். மைக்கை மருந்து அலமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"பேரைக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"ஏன்?"

மைக் தரையைப் பார்த்தார்.

"கூப்பிடுறதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கு? சமையல்காரர் அடுப்பைப் பத்த வெக்க மாட்டேன்னா எப்படி?" என்றவர், கையிலிருந்த கார்டைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். மகன் இறந்தது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சிஸ்டரும் அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனவர்தான். "பையன் பேரு என்னன்னு சொன்னீங்க?"

சிஸ்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேருந்தே."

"இதை நான் கூப்பிடலாம். இன்னிக்கு நான் கூப்பிட்டுடுவேன், நாளைக்கு வர்ற மணிக்கு யாரு? இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் கண்ணு மூடியிருக்கு, உங்க வாயை நம்பி உக்காந்திருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னால புரிஞ்சுக்க முடியுது. ஆனா இன்னிக்கு டாக்டர் போறதுக்குள்ள இவரை நீங்க கூப்பிட்டு அனுப்பணும். இல்லேன்னா நாளைலேருந்து நீங்க கீழ பார்க்கிங்ல சீட்டுக் கிழிங்க. எனக்கு வேற வழி தெரியல."

சொன்னதோடு நிற்கவில்லை. ஹாலுக்குப் போய் பெஞ்சு பெஞ்சாக நின்று, "யாராவது தொட்டுக் கூப்பிட்டா எந்திரிக்காதீங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும், புரியுதா?" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். கண்ணை மூடியிருந்த தலைகள் வரிசையாக ஆடின. பின் பெஞ்சில் பெரியவரின் தலையும் ஆடியது.

மைக் வாசலில் வந்து நின்றார். கார்டுக் கட்டில் பெரியவருடையதுதான் மேலே இருந்தது. எடுத்தார். பார்த்தார். கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்.

கட்டு குறையக் குறைய அது மேலே வந்தது. மறுபடி அடியில் போனது. உள்ளேயிருந்து புதுக் கார்டுகள் வந்தபோது நிம்மதியாக இருந்தது. பார்க்கிங் வேலை ஒன்றும் அவமானமில்லை என்று யோசித்துப் பார்த்தார். வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே. அங்கே வண்டிகளுக்கு எண்தான், பெயர் கிடையாது. ஆனால் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டால், பின் பெஞ்சில் இருக்கிறவரை யார் கூப்பிடுவார்கள்? சிஸ்டர்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதுவும் பிடிக்கவில்லை. அந்தப் பெயரை இன்னொருவர் வாசலில் நின்று கூப்பிடுவதை இன்னொரு தடவை கேட்க முடியாது என்று தோன்றியது.

மத்தியானம் பெரியவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கண்ணைத் திறக்காமலே ரொட்டி தின்றார். பக்கத்தில் இருந்தவரிடம், "என் பேரைக் கூப்பிட்டாங்களாங்க? காது கொஞ்சம் மந்தம்" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் அவரையே கூப்பிட்டார்கள், போய்விட்டார். புதிதாக வந்து உட்கார்ந்தவரிடமும் பெரியவர் அதையே கேட்டார். மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று நர்ஸ் மறுபடி ஊற்றிவிட்டுப் போனாள். பாத்ரூமுக்குப் போக வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வேணாம்மா, போற நேரத்துல கூப்பிட்டுட்டா?" என்றார். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து மைக் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டும் கார்டு அடியில்தான் போனது. கொடுமைதான். செய்கிற கொடுமை தெரிந்தது, ஆனால் அதுவும் உறைக்கவில்லை.

ஹாலைப் பெருக்குகிற அக்கா அந்தப் பக்கம் வந்தபோது, "ஒரே ஒரு பேரை நீ கூப்பிட்டுடேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"நான் கூப்பிட்டா யாரு எந்திரிப்பா? பெருக்கணும், காலைத் தூக்குங்கன்னு சொல்றேன்னு நெனச்சுக் காலைத் தூக்கிக்குவாங்க" என்றுவிட்டுத் துடைப்பத்தோடு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

சாயங்காலம் ஆனது. கட்டில் ஒரே ஒரு கார்டுதான் மிச்சம். அடியில் செருக அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஹாலில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். ஈரத் துணியால் தரையைத் துடைத்தவர்கள் பெரியவரின் காலைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருந்தார்கள். அவர் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

லேசர் அறை நர்ஸ் தலையை நீட்டினாள். "மைக் அண்ணே, டாக்டர் பையை எடுத்துட்டாரு. அந்த ஒருத்தர்தானே பாக்கி? அனுப்புங்க, இல்லேன்னா அடுத்த வாரம்தான்."

பெரிய சிஸ்டர் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மைக் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனார். பெரியவரின் தோளைத் தொட்டார். "வாங்கய்யா."

பெரியவர் எழுந்திருக்கவில்லை. "யாரைத் தம்பி?"

"உங்களைத்தான்."

"பேரைச் சொல்லுங்க."

"உங்களைத்தான்யா. வேற யாருமே இல்ல இங்க."

"இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும்னு அந்தம்மா காலைல சொல்லிட்டுப் போச்சு. தப்பான ஆளை உள்ள உக்கார வெச்சுட்டாங்களாமே. இருக்கிறது ஒரு கண்ணு தம்பி, இன்னொண்ணுல ஏற்கெனவே ஒண்ணும் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. விளக்குகிற மாதிரிதான் சொன்னார். "கூப்பிடுங்க, வந்துர்றேன். காலைலேருந்து அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

மைக் திரும்பி நடந்து, தான் எப்போதும் நிற்கிற வாசலுக்கு வந்தார். இவ்வளவு கிட்டத்தில் நின்று அவருக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொன்னால் தனக்குள் என்னவோ உடைந்து தன்னால் நிற்க முடியாமல் போகும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தார். அது பயம் மட்டும் இல்லை. கொஞ்சம் ஆசையும்தான் என்று இப்போது தெரிந்தது. ஏதாவது உடையட்டும். ஏதாவது வலிக்கட்டும்.

"மணி."

பெயர் வந்துவிட்டது. பழைய குரலில், பழைய இழுப்பில், காலி ஹாலைத் தாண்டிப் பின்சுவர் வரைக்கும் போனது.

"இருக்கேன்" என்றார் பெரியவர்.

ஒன்றும் உடையவில்லை. மைக் காத்திருந்து பார்த்தார். கூப்பிட்டால் வருவான் என்று வைத்த பெயர். கூப்பிட்டாயிற்று. ஆள் வந்துகொண்டிருந்தார். கண்ணை மூடியபடி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பெஞ்சு முனைகளைத் தடவித் தடவி, குரல் வந்த திசையில் ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை. வர மாட்டான். அவன் இனிமேல் எந்தக் குரலுக்கும் வர மாட்டான் என்பது ஒரு வருஷம் கழித்து அந்த ஹாலில்தான் அவருக்குத் தெரிந்தது.

பெரியவரின் விரல்கள் வந்து அவர் சட்டையில் பட்டன. "வந்துட்டேன் தம்பி. எந்தப் பக்கம் போகணும்?"

"மணி" என்றார் மைக்.

"ஆமா, நான்தான்."

"மணி."

பெரியவரின் கை சட்டையிலிருந்து மேலே ஏறி, மைக்கின் தோளைத் தொட்டது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உருண்டு திரண்ட விரல்கள் அங்கேயே நின்றன. உள்ளேயிருந்து நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். பெரிய சிஸ்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"மணி... டேய் மணி."

"கூப்பிடு தம்பி" என்றார் பெரியவர். "நான் இங்கதான் நிக்கிறேன்."